கேம்ரியை விற்றுவிடாதே

அன்புள்ள சரவணா,

அக்கா எழுதுகிறேன். இனியாவுக்குப் பல் முளைக்கிறது, ராத்திரியெல்லாம் அழுகிறாள் என்று அம்மா சொன்னாள். நீயும் மீனாவும் முறை வைத்துத் தூங்குங்கள். மீனா மட்டும்தான் கண் விழிக்கிறாள் என்று கேள்விப்பட்டால் எனக்குக் கோபம் வரும், சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். 1967 பான்டியாக் ஜிடிஓ, அடர் நீலம், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரட்டை விளக்குகள், வலை பின்னிய கிரில். அப்படி ஓர் அழகு! உங்கள் மாமா போனில் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் படங்களுக்குக் கீழே நீ எழுதியிருந்தாயே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கேம்ரியை விற்று அந்தப் பணத்தையும் போட்டு இதை வாங்கப் போகிறாயாம். ஆபீசுக்கும் இதிலேயே போவாயாம், இனியாவை டே கேரில் விடுவதும் இதிலேயேவாம். "ரெண்டும் முந்நூறு ஹார்ஸ்பவருக்கு மேலதான்க்கா, என்ன பெரிய வித்தியாசம்?" என்று வேறு கேட்டிருக்கிறாய். இதைப் போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டையில்தான் முடிப்போம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதியில் மூடி வைக்காமல் முழுசாகப் படி.

முதலில் ஒன்று. நீ அந்த வண்டியை வாங்குவதில் எனக்குச் சந்தோஷம்தான். இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். ஈரோட்டு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கினால் ஸ்பேனரோடு போய் நிற்பது நீதான். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்கவும், கார்ப்பரேட்டர் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்யவும் அவர் உனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். உன் காலேஜ் ஃபீஸுக்காக அந்த வண்டியை அவர் விற்ற அன்று நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, கண்ணு. கையால் தொட்டுச் சரிசெய்ய ஓர் எஞ்சின் வேண்டும் என்று நீ நினைப்பது நியாயமான ஆசை. கேம்ரியின் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடியைத் தவிர வேறென்ன தெரிகிறது? வாங்கு. ஆனால் கேம்ரியை விற்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உன் 2018 கேம்ரியின் 3.5 லிட்டர் வி6 எஞ்சினுக்கு 301 ஹார்ஸ்பவர். ஜிடிஓவின் 400 கன அங்குல வி8, அதாவது 6.6 லிட்டர் எஞ்சினுக்கு 335. எண்ணை மட்டும் பார்த்தால் பெரியவர்தான் பலசாலி. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி அளக்கவில்லை. அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, வண்டியில் மாட்டும் ஏர் கிளீனரும் சைலன்சரும் இல்லாமல் ஓடவிட்டு அளப்பார்கள். 1972 மாடலிலிருந்துதான் எல்லாவற்றையும் மாட்டி, வண்டியில் இருக்கிறபடியே அளந்து சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் வந்தது. 1971 ஜிடிஓவில் 300 என்று போட்டிருந்த 400 எஞ்சினுக்கு 1972இல் 250 என்று போட்டார்கள். உன் கேம்ரியின் 301 புது முறையில் அளந்தது. ஆகவே சிக்னலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிளம்பினால், நீ ஆபீசுக்கு ஓட்டுகிற கேம்ரிதான் முன்னால் போனாலும் போகும். அந்த வி6 மணிக்கு 60 மைலை 6 வினாடிக்குள் தொட்டதாகக் கார் பத்திரிகைகள் அளந்து எழுதியிருக்கின்றன.

ஜிடிஓ 4.6 வினாடியில் 60 மைல் போனது என்று நீ அனுப்பியிருந்த பக்கம் 1964 மார்ச் 'கார் அண்ட் டிரைவர்' இதழிலிருந்து வந்தது. அந்தச் சோதனைக்கு வண்டியைத் தயார்செய்து கொடுத்தவர்கள் பான்டியாக் தரப்பினர். அதற்குள் இருந்தது கடையில் விற்ற 389 எஞ்சின் அல்ல, அதைவிடப் பெரிய 421 என்று பான்டியாக்கின் விளம்பரத்தைக் கவனித்துவந்த ஜிம் வாங்கர்ஸே பிற்பாடு சொல்லிவிட்டார். அந்த எண்ணை நம்பி நெடுஞ்சாலையில் லாரியை முந்தப் போகாதே.

பலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றே வைத்துக்கொள். எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், 1,600 கிலோவை ஒட்டி வரும். பிறகு எதில் வித்தியாசம்? அதற்கு ஜிடிஓ பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். டெம்பெஸ்ட் என்பது அந்தக் காலத்துப் பான்டியாக்கின் நடுத்தரக் குடும்ப வண்டி. அந்த அளவு வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் கட்டுப்பாடு போட்டிருந்தது. பான்டியாக்கில் இருந்த ஜான் டெலோரியனும் அவருடைய எஞ்சினியர்களும் பெரிய வண்டிக்குரிய 389 எஞ்சினை இதில் இறக்கி, தனி மாடலாகக் காட்டாமல், சுமார் 300 டாலர் கூடுதல் விலைக்கு ஒரு 'ஆப்ஷன்' என்று 1964இல் விற்றார்கள். முப்பதாயிரத்துக்கு மேல் போயின. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின. மசில் கார் காலம் தொடங்கியது அப்படித்தான்.

கேட்கச் சுவையான கதை. ஆனால் பிரேக் வேலை பார்ப்பவள் நான், எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. எஞ்சினைத்தான் பெரிதாக்கினார்கள். பிரேக் டெம்பெஸ்ட்டுக்கு இருந்த அதே அளவுதான். நாலு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம். குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போய்வருவதற்குப் போட்ட பிரேக்கை வைத்துக்கொண்டு நூறு மைல் வேகத்தை நிறுத்தச் சொன்னார்கள். மசில் கார்களைப் பற்றி என்ன கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்: எஞ்சின் முன்னால் ஓடிவிட்டது, பிரேக்கும் டயரும் பாடியும் பின்னால் நின்றுவிட்டன. உன் கேம்ரியும் பெரிய எஞ்சின் வைத்த குடும்ப வண்டிதான். ஆனால் அதில் எல்லாம் ஒன்றுக்கொன்று ஈடாக வளர்ந்திருக்கின்றன. ஐம்பது வருஷத்து வேலை அந்த ஈடுகட்டலில்தான் இருக்கிறது, வேகத்தில் இல்லை.

டிரம் பிரேக்கை அப்பாவோடு நீ கழற்றிப் பார்த்திருக்கிறாய். உள்ளே இரண்டு ஷூ வெளிப்பக்கமாக விரிந்து டிரம்மை அழுத்தும். முதல் தடவை நன்றாகவே பிடிக்கும். இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் சூடு ஏறும். சூட்டில் டிரம் விரியும், விரிந்தால் ஷூவைவிட்டு விலகிப் போகும். பெடல் இன்னும் கீழே இறங்கும். லைனிங்கும் சூட்டில் வழுக்க ஆரம்பிக்கும். உள்ளே அடைபட்ட சூடு சீக்கிரம் வெளியேறவும் வழியில்லை. டிஸ்க் அப்படியில்லை, காற்றில் திறந்து நிற்கிறது, சூடு உடனே போய்விடும். 1967 ஜிடிஓவில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டி வாங்க வேண்டியிருந்தது. நீ பார்த்த வண்டியில் எது இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டாயா? படத்தில் சக்கரத்தின் கவர்தான் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இது உனக்குச் சாதகம். 1966 வரை ஜிடிஓவில் பிரேக் ஆயில் ஒரே வழியில்தான் ஓடியது. எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967இல்தான் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்த மாஸ்டர் சிலிண்டர் வந்தது. மோதினால் நெஞ்சில் குத்தாமல் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் அந்த வருஷம்தான் வந்தது. அதனால் 66ஐ விட 67ஐ நீ தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

மோதுவது என்ற பேச்சு வந்ததால், நீ படிக்க விரும்பாததையும் எழுதுகிறேன். 2009இல் இங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் தன் 50ஆவது ஆண்டுக்காக ஒரு சோதனை செய்தது. 1959 செவ்ரோலே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவ்ரோலே மாலிபு ஒன்றையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர், ஓட்டுநர் பக்கம் மட்டும் மோதும்படி விட்டார்கள். இரண்டும் குடும்ப செடான்கள். பழைய வண்டி கனமான இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகாது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். பெல் ஏரில் ஓட்டுநர் உட்கார்ந்திருந்த இடமே நசுங்கிப்போனது. மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருப்பது கடினம். மாலிபுவின் முன்பகுதி மடங்கி அடியை வாங்கிக்கொண்டது, உள்ளே இருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயத்துக்கான அடையாளம் மட்டும். ஜிடிஓ பெல் ஏரைவிட எட்டு வருஷம் பிந்தியது, கொஞ்சம் மேம்பட்டது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஏர்பேக் கிடையாது. நீ பார்த்தது ஹார்ட்டாப், பக்கவாட்டில் முன் ஜன்னலுக்கும் பின் ஜன்னலுக்கும் நடுவே தூணே கிடையாது. பக்கவாட்டிலிருந்து ஒரு பிக்கப் வந்து மோதினால் தடுக்க என்ன இருக்கிறது?

பின் சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். தோள் பெல்ட் இல்லை, தலைக்குப் பின்னால் தாங்கும் மெத்தை இல்லை, குழந்தை சீட்டை மாட்டுவதற்கு இன்றைய வண்டிகளில் இருக்கும் கொக்கிகளும் இல்லை. கேம்ரியில் 10 ஏர்பேக். முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால் அது உனக்கு முன்பே கவனித்துத் தானாகவே பிரேக் போடப் பார்க்கும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலையில் இனியாவைக் கூட்டிக்கொண்டு போகிற அப்பாவுக்கு எந்த வண்டி வேண்டும் என்று நீயே சொல். 1960களின் நடுவில் அமெரிக்காவில் 10 கோடி மைல் ஓட்டத்துக்கு 5 பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். 2023இல் அது 1.3ஐ ஒட்டி இருந்தது. ரால்ஃப் நாடர் 1965இல் எழுதிய புத்தகமும், அடுத்த வருஷமே வந்த சட்டமும், அதன் பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் மாற்றிப் பார்த்த ஆயிரக்கணக்கான பேரின் வேலையும் சேர்ந்து குறைத்தது அது. நான் தினமும் பார்க்கிற வேலையும் அதில் ஒரு துளி. அதனால்தான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

மீனா என்னிடம் ஒரு வார்த்தையும் புகார் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் பேசும்போது, "அவருக்குப் பிடிச்சிருக்கு அண்ணி, விடுங்க" என்றுதான் சொன்னாள். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நீ அவளை உட்காரவைத்துக் கேள். சரி என்று சொல்லிவிட்டாளே என்று விட்டுவிடாதே.

அடுத்து, தினப்பாட்டைக் கவனி. ஜிடிஓ எஞ்சினின் கம்ப்ரஷன் 10.75க்கு 1. ஈயம் கலந்த உயர்ந்த ரகப் பெட்ரோலுக்காகச் செய்தது. அந்தப் பெட்ரோல் சாலை வண்டிகளுக்கு 1996இலிருந்து அடியோடு கிடையாது. பங்க்கில் கிடைக்கிற ஆக உயர்ந்த பிரீமியம் போட்டாலும் ஏற்றத்தில் எஞ்சின் தட்டலாம், டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு வைக்க வேண்டிவரும். லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. கேம்ரி சராசரியாக 11 கொடுக்கிறது. இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கிற எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களை அரித்துவிடும், கசிந்தால் சூடான எஞ்சின் மேல்தான் சொட்டும். ஒஹாயோ குளிரில் காலையில் சோக் சரியாக விழுந்து எஞ்சின் சூடாகும்வரை நீ காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட உங்கள் ஊரில் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிறார்களே உப்பு, அதில் ஒரு குளிர்காலம் ஓட்டினாலே அந்த ஃபிரேம் துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். இத்தனை வருஷம் யாரோ பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்ததை டே கேர் வாசலில் நீ கெடுக்கப் போகிறாயா? அந்த வண்டி மேல் உனக்கு உண்மையிலேயே பிரியம் இருந்தால் அதைத் தினமும் ஓட்டக் கூடாது.

அது தருகிற சந்தோஷத்தைக் கேம்ரி தராது, அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். இங்கே என்னோடு வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் தன் 67ஐ ஒருநாள் என்னை ஓட்டச் சொன்னார். குவாட்ராஜெட் கார்ப்பரேட்டர். மெதுவாகப் போகும்போது முன்னால் இருக்கிற இரண்டு சின்ன வாய் மட்டும் திறந்திருக்கும், வண்டி சாதுவாகப் போகும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்ததும் பின்னால் இருக்கிற இரண்டு பெரிய வாயும் திறந்து காற்றை இழுக்கும்போது ஓர் ஓலம் எழுகிறது பார், அது காதில் கேட்பதில்லை, வயிற்றில் கேட்கிறது. ஸ்டீயரிங் லேசாக அதிர்கிறது, முக்கோணக் கண்ணாடி வழியாகக் காற்று முகத்தில் அடிக்கிறது, பெட்ரோல் வாசனை. எந்த வேலையை எது செய்கிறது என்று ஒவ்வொன்றும் உனக்குத் தெரிகிறது. உனக்கு அது கிடைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்டா. ஞாயிற்றுக்கிழமை, வெயில் நாள், நீ மட்டும், கிராமத்து ரோடு. அதற்குத்தான் அது.

இன்னொரு விஷயம், இது பணக் கணக்கு. பழைய கார்களுக்கென்று தனி இன்ஷூரன்ஸ் இருக்கிறது. மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வார்கள், பிரீமியமும் குறைவு. ஆனால் தினம் ஓட்ட வேறொரு வண்டி இருக்க வேண்டும், பழையது பூட்டிய கராஜில் நிற்க வேண்டும் என்று பெரும்பாலும் நிபந்தனை போடுவார்கள். கேம்ரியை விற்றால் அந்த இன்ஷூரன்ஸும் கைநழுவிப் போகும். கேம்ரி இருந்தால்தான் ஜிடிஓவை நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியும்.

பணம் போதாது என்றால் ஒரு வருஷம் பொறு. நானும் மாமாவும் கொஞ்சம் கைமாற்றாகத் தருகிறோம், வட்டி கிட்டி என்று பேசினால் அடி விழும். அதற்குள் நல்ல வண்டியாகத் தேடலாம். டிரைவர் பக்கக் கதவுத் தூணில் இருக்கிற அடையாள எண்ணைப் பார். 1967இல் உண்மையான ஜிடிஓ என்றால் அது 242 என்று தொடங்கும். வேறு எண் இருந்தால் அது டெம்பெஸ்ட்டுக்கோ அதன் உடன்பிறப்பான லெமான்ஸுக்கோ ஜிடிஓ வேஷம் போட்டது. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் பணம் கட்டினால் அந்த எண்ணுக்குரிய ஆலைச் சீட்டின் நகலைத் தருவார்கள். எந்த எஞ்சினோடு, எந்தெந்த ஆப்ஷனோடு வெளியே வந்தது என்பது அதில் இருக்கும். துணி சுற்றிய காந்தம் ஒன்றைப் பின் சக்கரத்துக்கு மேலும் கீழும் வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் மாவுதான் இருக்கும். டிக்கி விரிப்பைத் தூக்கி அடித்தகட்டைப் பார். பின் கண்ணாடியின் ஓரத்தில் கொப்புளம் இருக்கிறதா பார். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, பின் ஃபிரேமை டார்ச் அடித்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே. டயரின் பக்கத்தில் தயாரித்த வாரமும் வருஷமும் நாலு எண்ணாக இருக்கும், பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் பழைய டயரை நம்பாதே. வாங்கியதும் முதல் வேலையாக முன்னால் டிஸ்க் பிரேக், புது பெட்ரோல் ஹோஸ், தோள் வரை வருகிற சீட் பெல்ட். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் ரோட்டில் இறக்க வேண்டும். பிரேக் வேலையை நானே வந்து செய்துதருகிறேன். அப்பா சொல்லிக்கொடுத்ததை நீ மறந்திருந்தால் பாயின்ட்டையும் இருவரும் சேர்ந்து வைப்போம்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை இங்கே உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகளெல்லாம் வரும். 1960களில் பசங்கள் சிக்னலுக்குச் சிக்னல் போட்டி ஓட்டிய அதே ரோடு. 1995இலிருந்து நடந்துவருகிறது. மீனாவையும் இனியாவையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமையே கிளம்பி வா. ஜிடிஓ வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள், ஒவ்வொருவரிடமும் எது கெடும், எது நிற்கும் என்று நேரிலேயே கேட்கலாம். பெரியவரிடமும் சொல்லி வைக்கிறேன், ஒரு சுற்று உன்னை ஓட்டவிடுவார். அதுவரை அந்த நீல வண்டிக்காரரிடம் ஒரு பைசா கொடுக்காதே. எண் 242தானா, முன் பிரேக் டிஸ்க்கா டிரம்மா, இந்த இரண்டை மட்டும் இன்றைக்கே கேட்டு எனக்கு எழுது. கேம்ரியை விற்பனைக்குப் போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிடு.

இனியாவுக்கு அத்தையின் முத்தம். மீனாவுக்கு என் அன்பு.

அன்புடன்,
அக்கா